செமினார் ஹால்: பெட்டியில் அழைத்தால் சரி, லேப்டாப்பில் சேர்ந்தால் எதிரொலி. டீம்ஸ், ஜூம், மீட் என்று தளத்துக்கு ஒரு பெட்டி வாங்கத்தான் வேண்டுமா?

காட்பாடி ஒலி | திங்கள், இரவு 9.10

வணக்கம். வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆடியோ, வீடியோ வேலை முழுக்க என் பொறுப்பு. 120 பேர் உட்காரும் செமினார் ஹால் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் புதுப்பித்தார்கள். கூரையில் 8 ஸ்பீக்கர், மேடை மேசையில் 4 கூஸ்நெக் மைக், கையில் பிடிக்கிற வயர்லெஸ் மைக் 2, பின்சுவரில் திரும்பவும் பெரிதாக்கவும் கூடிய ஒரு பிடிஇசட் கேமரா, பக்கத்து அறை ரேக்கில் டிஎஸ்பியும் (மைக் சத்தங்களைச் சரிசெய்து கலக்கிற ஒலிச் செயலி) ஆம்ப்ளிஃபயரும். கூடவே, ஒரே ஒரு வீடியோ கூட்டத் தளத்துக்கென்று வந்த மீட்டிங் பெட்டி, லேப்டாப் இல்லாமலே கூட்டத்தில் சேர்கிற சாதனம். அந்தப் பெட்டியில் அழைத்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் வெளியிலிருந்து அழைக்கிறவர்கள் அந்தத் தளத்தில் அழைப்பதில்லை. போன வாரம் வேலைவாய்ப்பு விளக்கக் கூட்டத்துக்கு பெங்களூரு கம்பெனி ஒன்று டீம்ஸ் இணைப்பு அனுப்பியது. போடியத்தில் லேப்டாப் வைத்து, எச்டிஎம்ஐ செருகி, மைக் ஒயரை லேப்டாப்பின் ஆடியோ துளையில் கொடுத்துச் சேர்ந்தோம். இரண்டாவது நிமிடமே "எங்கள் குரல் எங்களுக்கே திரும்பி வருகிறது" என்றார்கள். மைக்கை மூடினால் எதிரொலி நிற்கிறது, ஆனால் மாணவர்கள் கேள்வி கேட்க முடியவில்லை. கடைசியில் ஒரு பையனின் போனை கைக்குக் கை மாற்றிக் கொடுத்து கேள்விகளை முடித்தோம்.

இரண்டு நாள் கழித்து பிஎச்டி வாய்மொழித் தேர்வு. வெளித் தேர்வாளர் கூகுள் மீட்டில் வந்தார். அன்றைக்கு லேப்டாப்பின் சொந்தக் கேமராதான் கிடைத்தது. பின்சுவர் கேமரா பட்டியலிலேயே இல்லை. ஐந்து வருடம் உழைத்த ஆய்வை அந்தப் பெண் லேப்டாப் மேல் குனிந்து நின்று சொல்லி முடித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

சப்ளையரைக் கேட்டால் "தளத்துக்கு ஒரு பெட்டி போட்டுவிடுங்கள்" என்று மூன்று பெட்டிக்குக் கொட்டேஷன் அனுப்பிவிட்டார். முதல்வர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். வேறு வழி இருக்கிறதா?


குடியாத்தம் கேபிள் | திங்கள், இரவு 9.42

தம்பி, டீம்ஸ் செட்டிங்கில் சத்தம் குறைக்கிற வசதியை அதிகபட்சத்தில் வையுங்கள். டிஎஸ்பியிலும் எதிரொலி நீக்கத்தை முழுசாக ஏற்றுங்கள். இரண்டும் சேர்ந்து அடித்தால் போய்விடும். சின்ன மீட்டிங் ரூம்களில் நான் இப்படித்தான் செய்வது.


பாலாறு 73 | திங்கள், இரவு 10.25

குடியாத்தம் தம்பி, அப்படிச் செய்ய வேண்டாம். ஒரே குரலை இரண்டு இடத்தில் சலித்தால் எதிரொலியோடு பேச்சின் பாதியும் போய்விடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது பாருங்கள், ஒருவர் குரல் விட்டு விட்டு வரும். எதிரொலி நீக்கம் ஓர் இடத்தில்தான் நடக்க வேண்டும். ஹாலாக இருந்தால் அது டிஎஸ்பியில்.

காட்பாடி தம்பி, மூன்று பெட்டி பேச்சுக்குப் போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். எதிர்முனைக்காரர் தன் குரலைத் தானே கேட்டால் குற்றம் நம் அறையில். நம் குரல் நமக்குத் திரும்பினால் குற்றம் அவர்கள் அறையில். ஆக, இது டீம்ஸ் சமாச்சாரமே இல்லை, உங்கள் ஒயர் சமாச்சாரம்.

டிஎஸ்பி எதிரொலியை எப்படி நீக்குகிறது? எதிர்முனைக் குரலின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, மைக்கில் வருகிற சத்தத்திலிருந்து அதைக் கழிக்கிறது. அந்தப் பிரதியைத்தான் ரெஃபரன்ஸ் என்கிறோம். வரவு எழுதாத கணக்கில் கழிக்க எதுவும் இல்லை. பெட்டியில் அழைக்கும்போது எதிர்முனைக் குரல் யூஎஸ்பி வழியாக டிஎஸ்பிக்குள் வந்து, பிறகு ஆம்புக்குப் போகிறது. லேப்டாப்பில் அழைக்கும்போது அதே குரல் எந்த வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது? நாளைக்கு போடியத்திலிருந்து ஆம்ப் வரை ஒயரைக் கையால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். வரைபடத்தை நம்ப வேண்டாம்.


சத்துவாச்சாரி ஐடி | திங்கள், இரவு 11.05

ஐயா, ஒரு சந்தேகம். டீம்ஸ், ஜூம், மீட் எல்லாவற்றுக்குள்ளும் எதிரொலி நீக்கம் இருக்கிறதே. வீட்டில் லேப்டாப் ஸ்பீக்கரில் பேசினால் எதிரொலி வருவதில்லை. ஹாலில் மட்டும் அது ஏன் வேலை செய்யவில்லை?


பாலாறு 73 | செவ்வாய், காலை 6.20

நல்ல கேள்வி. லேப்டாப்பில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு சாண் தூரம். சத்தம் போய் வருகிற வழி மாறுவதே இல்லை, அதனால் மென்பொருள் எளிதில் கற்றுக்கொள்கிறது. ஹாலில் 8 ஸ்பீக்கர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், எச்டிஎம்ஐ வழியில் ஒரு தாமதம். அதற்கு மேல், நடுவில் உட்கார்ந்திருக்கிற டிஎஸ்பி பேசுகிற மைக்கைத் திறந்து பேசாததை மூடிக்கொண்டே இருக்கிறது. லேப்டாப் ஒரு வழியைக் கற்று முடிப்பதற்குள் வழி மாறிவிடும். டிஎஸ்பியிலோ ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி எதிரொலி நீக்கம், அதுவும் மைக் கலவைக்கு முன்னாலேயே நடக்கிறது. ஹாலுக்கு அதுதான் சரிப்படும்.


காட்பாடி ஒலி | செவ்வாய், மாலை 6.50

ஐயா, நீங்கள் சொன்னபடியே ஒயரைத் தொட்டுக்கொண்டு போனேன். போடியத்துக்கு அடியில் டார்ச் பிடித்துப் படுத்துப் பார்க்க வேண்டியிருந்தது, லேபிள் எல்லாம் உதிர்ந்துவிட்டது. போடியம் எச்டிஎம்ஐ ரேக்கில் உள்ள வீடியோ ஸ்விட்சருக்குப் போகிறது. படம் ப்ரொஜெக்டருக்கு. சத்தத்தை ஸ்விட்சர் பிரித்து எடுத்து, இரண்டு சிவப்பு கறுப்பு ஒயரில் நேராக ஆம்ப்ளிஃபயரின் இரண்டாவது உள்ளீட்டுக்குக் கொடுக்கிறது. டிஎஸ்பி பக்கமே அது போகவில்லை. வீடியோ போட்டுக் காட்டுவதற்காக அன்றைக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்கள் போல.

லேப்டாப்பைத் திறந்து சத்தம் எங்கே போகிறது என்று பார்த்தேன். பட்டியலில் ப்ரொஜெக்டரின் பெயர் நிற்கிறது! எச்டிஎம்ஐ செருகிய நொடியே விண்டோஸ் தானாகச் சத்தத்தை அங்கே மாற்றிவிடுகிறது. இரண்டு வருடமாக இந்த ஹாலில் இருக்கிறேன், இதைக் கவனிக்கவில்லை.


பாலாறு 73 | செவ்வாய், இரவு 8.15

ரொம்ப சந்தோஷம் தம்பி, நோய் பிடிபட்டது. இனி மருந்து.

முதலில் அந்த இரண்டு ஒயரை ஆம்பிலிருந்து பிடுங்கி டிஎஸ்பியின் காலி உள்ளீட்டில் கொடுங்கள். ஹாலுக்குள் கேட்கிற எந்தச் சத்தமும் டிஎஸ்பியைத் தாண்டி ஸ்பீக்கருக்குப் போகக் கூடாது. இது அவசர ஏற்பாடு.

நிலையான ஏற்பாடு யூஎஸ்பி. உங்கள் டிஎஸ்பியின் பின்னால் சதுர யூஎஸ்பி துளை இருக்கும், இப்போது அதில் பெட்டி தொங்குகிறது. டிஎஸ்பியும் கேமராவும் யூஎஸ்பி பொது வகுப்பில் பேசுகிறவை என்றால், அதாவது ஆடியோவுக்கு யூஏசி, வீடியோவுக்கு யூவிசி, எந்த லேப்டாப்பும் தனி டிரைவர் இல்லாமல் அவற்றை எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பின் கண்ணுக்கு உங்கள் ஹால் முழுவதும் ஒரு வெப்கேமும் ஒரு ஸ்பீக்கர்ஃபோனும்தான். டீம்ஸா, ஜூமா, மீட்டா, வெபெக்ஸா என்ற கேள்வியே அறைக்கு வராது. ரேக்கில் ஒரு யூஎஸ்பி ஸ்விட்ச் போட்டு, பெட்டி ஒரு பக்கம், போடியம் லேப்டாப் மறுபக்கம். எது தேவையோ அது கேமராவையும் டிஎஸ்பியையும் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஸ்விட்சரில் இடிஐடி அமைப்பைத் திறந்து, போடியம் உள்ளீட்டில் ஆடியோ இல்லாத இடிஐடியைத் தேர்ந்தெடுங்கள். இடிஐடி என்பது திரை லேப்டாப்புக்குக் கொடுக்கிற அறிமுகச் சீட்டு. அதில் ஆடியோ என்ற வரியே இல்லை என்றால் லேப்டாப் ப்ரொஜெக்டரை ஒலிப் பட்டியலில் சேர்க்காது. வெளியாள் எவர் வந்து லேப்டாப் செருகினாலும் சத்தம் அந்தப் பக்கம் ஓடாது. சினிமாத் துண்டு காட்டினாலும் சத்தம் யூஎஸ்பி வழியாகத்தான் வரும். என் அனுபவத்தில் பாதி ஹால்களின் தலைவலி இந்த ஒரு மெனுவில் தீரும்.

போடியத்துக்கும் ரேக்குக்கும் எவ்வளவு தூரம்?


காட்பாடி ஒலி | செவ்வாய், இரவு 8.40

கேபிள் ஓடுகிற வழியில் அளந்தால் 22 மீட்டர். கேமராவிலிருந்து ரேக் 15 மீட்டர்.


குடியாத்தம் கேபிள் | செவ்வாய், இரவு 9.05

நேற்று நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன், பாலாறு ஐயாவுக்கு நன்றி. கேபிள் என் தொழில், அதில் சொல்கிறேன். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. யூஎஸ்பி 3 என்றால் 3 மீட்டரிலேயே தடுமாறும். கடையில் கிடைக்கிற நீட்டிப்புக் கேபிளை ஒன்றோடொன்று கோத்துப் போடாதீர்கள். அன்றைக்கு வேலை செய்யும், விழா அன்று கேமரா காணாமல் போகும்.

கேட்-6 வழியாகப் போகிற யூஎஸ்பி எக்ஸ்டெண்டர் ஜோடி வாங்குங்கள், நல்லது 100 மீட்டர் வரை போகும். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த கேட்-6 இரண்டு முனைக்கும் நடுவே தனியாக ஓட வேண்டும். நெட்வொர்க் ஸ்விட்சில் செருகுகிற வகை வேறு. நிறைய பேர் ஆர்ஜே45 முனையைப் பார்த்து லேன் என்று நினைத்து பேட்ச் பேனலில் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு கணக்கு. சுருக்காத 1080பி படம் நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 1920 × 1080 × 16 பிட் × 30, ஏறக்குறைய 995 மெகாபிட். யூஎஸ்பி 2.0 ஏட்டளவிலேயே 480. ஆகவே எக்ஸ்டெண்டர் 2.0 வகை என்றால் கேமரா எம்ஜேபெக் அல்லது எச்.264 ஆகச் சுருக்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பிடிஇசட் கொடுக்கும், மெனுவில் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் படம் 640க்கு இறங்கிவிடும், கேமரா கெட்டுவிட்டது என்று பழி அதன் மேல் விழும்.


சத்துவாச்சாரி ஐடி | புதன், காலை 7.30

பாலாறு ஐயா சொல்வதை முழுசாக ஏற்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. நான் ஒரு மருத்துவமனையின் ஐடி பிரிவில் இருக்கிறேன். எங்கள் டாக்டர்கள் காலை 7 மணி வகுப்புக்கு ரவுண்ட்ஸுக்கு நடுவே ஓடி வருகிறார்கள். லேப்டாப் கொண்டு வா, யூஎஸ்பி செருகு, மைக் தேர்ந்தெடு என்றால் பத்து நிமிடம் போய்விடும். வந்த லேப்டாப் அப்டேட் ஆகத் தொடங்கும், பாஸ்வேர்டு கேட்கும், யாருடைய வாட்ஸாப் செய்தியாவது பெரிய திரையில் வந்து நிற்கும். நோயாளி விவரம் ஓடுகிற திரையில் அதை நான் அனுமதிக்க முடியாது. மேசைமேல் உள்ள தொடுதிரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் கூட்டம் தொடங்க வேண்டும். அதற்கு அறைப் பெட்டிதான் சரி.

மற்றத் தளங்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. டீம்ஸ் ரூம்ஸ் சாதனம் ஜூம், வெபெக்ஸ் கூட்டங்களில் விருந்தாளியாகச் சேரும். ஜூம் ரூம்ஸ் டீம்ஸிலும் வெபெக்ஸிலும் சேரும். மீட்டுக்கான அறைச் சாதனங்களும் ஜூம், வெபெக்ஸுக்குப் போகும். உள்ளே நடப்பது பிரவுசரில் சேர்வதுதான், வெப்ஆர்டிசி என்கிற பிரவுசர் வீடியோத் தொழில்நுட்பம். சொந்தத் தளத்தில் கிடைக்கிற எல்லா வசதியும் அங்கே கிடைக்காது, ஆனால் பார்க்க, கேட்க, பேசப் போதும். காட்பாடி நண்பரே, உங்கள் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் இந்த வசதி அணைந்தே கிடக்கலாம். செலவு செய்யும் முன் அதைத் திறந்து பாருங்கள்.

எங்களுக்கு ஒரு மாதம் புரியாமல் இருந்த விஷயம் ஒன்று. அறைக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும், அழைப்பை அதற்கு அனுப்பினால் தொடுதிரையில் 'ஜாயின்' வரும். வெளித்தள அழைப்புகளுக்கு மட்டும் வரவில்லை. தேடினால், மின்னஞ்சல் பாதுகாப்பு வடிகட்டி உள்ளே இருக்கிற இணைப்பை வேறு முகவரியாக மாற்றி எழுதியிருந்தது. பெட்டிக்கு அது கூட்ட இணைப்பு என்றே தெரியவில்லை. அந்தத் தளங்களின் முகவரிகளுக்கு விலக்கு கொடுத்ததும் பொத்தான் வந்தது.


பாலாறு 73 | புதன், காலை 9.10

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நான்கூட பெட்டிதான் போடுவேன். நான் பெட்டிக்கு எதிரி இல்லை. பெட்டியை நம்பி அறையைக் கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எச்.323 என்ற வீடியோ அழைப்புத் தரத்தின் காலம். 1996ல் வந்த தரம் அது. ஒரு பிராண்டின் பெட்டி இன்னொரு பிராண்டை எண் போட்டு அழைக்கும். பிறகு எஸ்ஐபி என்ற தரம். பிறகு எல்லாரும் கிளவுடுக்குப் போனார்கள், ஆளுக்கொரு வேலி போட்டுக்கொண்டார்கள். ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆன்லைன் 2021 ஜூலையோடு முடிந்தது. சாதாரண ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. அதை நம்பிச் சுவரில் பதித்த பெட்டிகளை நானே என் கையால் கழற்றியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த மைக்கும் ஸ்பீக்கரும் ஆம்பும் அப்படியே இருந்தன, அவை இன்னும் பத்து வருடம் ஓடும். நம் பக்கத்திலேயே பாருங்கள், அரசு அலுவலகம் பாரத்விசி என்ற தளத்தைச் சொல்கிறது. 2020ல் மத்திய அரசு நடத்திய போட்டியில் ஆலப்புழா நிறுவனத்தின் வீகன்சோல் என்ற தளம் வென்றது. நாளைக்கு எந்தப் பெயரில் இணைப்பு வரும் என்று யார் கண்டது?

ஒலி, ஒளி அமைப்பு தனியாக நிற்கட்டும். பெட்டி அதில் ஒரு யூஎஸ்பி விருந்தாளி, லேப்டாப் இன்னொரு விருந்தாளி. ஒருவர் போனால் வீடு இடியக் கூடாது.


ஆம்பூர் தோல் | புதன், பகல் 12.15

இந்த இழையைப் பார்த்ததும் எங்கள் கஷ்டமும் இங்கே தீருமா என்று ஓர் ஆசை. தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். ஜெர்மனி பையர் டீம்ஸ், இத்தாலி பையர் மீட், சென்னை ஏஜென்ட் ஜூம். அங்கே காலை 10 மணி என்றால் அவர்கள் கோடையில் நமக்குப் பகல் 1.30, பனிக்காலத்தில் 2.30. சாப்பாட்டு நேரத்தில்தான் எங்கள் கூட்டம்.

குரல் பிரச்சினை இல்லை. நிறம்தான் பிரச்சினை. ஃபினிஷ் ஆன தோல் துண்டைக் கேமரா முன் பிடித்தால் கொன்யாக் பழுப்பு அவர்களுக்குச் செங்கல் மாதிரித் தெரிகிறதாம். என் கை கொஞ்சம் நகர்ந்தால் நிறமும் நகர்கிறது. கிரெய்ன், அதாவது தோலின் மேற்பரப்பு வரிகள், தெரியவில்லை, மெழுகுபோல வழவழ என்று இருக்கிறது என்கிறார்கள். நிறத்துக்குக் கூரியர் அனுப்புவோம்தான், ஆனால் பேச்சு முதல் பார்வையிலேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு நிறம் வேறு.


பாலாறு 73 | புதன், பகல் 1.50

அம்மா, நிறம் நகர்கிறது என்றால் கேமராவின் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் வேலை செய்கிறது. பழுப்புத் தோல் திரையை நிறைத்ததும், அறை வெளிச்சமே பழுப்பு என்று கேமரா நினைத்து அதை ஈடுகட்டப் பார்க்கிறது. அதை அணையுங்கள். மேசைக்கு மேலே நிலையாக ஒரு கேமரா, இரு பக்கமும் 6500 கெல்வின் விளக்கு, ஒரு வெள்ளைத் தாளை வைத்து வொயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள். எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். ஜன்னல் திரையை மூடுங்கள், ஆம்பூர் மதிய வெயில் மேகத்துக்கு மேகம் மாறும்.

கிரெய்ன் தெரியாதது வேறு காரணம். முகம் காட்டுகிற வீடியோவில் எல்லாத் தளமும் அசைவுக்கு முன்னுரிமை கொடுத்து நுணுக்கத்தைச் சுருக்கிவிடும். சில தளங்கள் முகத்தை மெருகேற்றும், மங்கல் வெளிச்சத்தைத் தானே சரிசெய்யும். அவற்றை எல்லாம் அணையுங்கள். தோலை முகக் கேமராவில் காட்டாமல், பகிர்கிற திரையாக அனுப்புங்கள். ஜூமில் பகிர்வுப் பட்டியலிலேயே 'இரண்டாவது கேமராவிலிருந்து' என்று ஒன்று இருக்கிறது. எல்லாத் தளத்துக்கும் பொதுவான வழி வேண்டுமென்றால், மேல் கேமராவை லேப்டாப்பின் கேமரா ஆப்பில் முழுத்திரையாகத் திறந்து அந்த ஆப் விண்டோவைப் பகிருங்கள். பகிர்வில் ஃபிரேம் குறையும், நுணுக்கம் கூடும். துண்டைக் கையில் பிடிக்காமல் சாம்பல் நிற அட்டைமேல் கிடத்தி, இரண்டு நொடி அசைக்காமல் விடுங்கள். அப்போது கிரெய்ன் தெளியும்.


பாகாயம் சுருதி | புதன், மாலை 5.30

பாட்டு வாத்தியார் ஒருவனின் ஆற்றாமையையும் கேளுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சுருதிப் பெட்டியை வைத்ததும் பத்து நொடியில் அது அவர்களுக்குக் கேட்காமல் போய்விடுகிறது. கார்வை கொடுத்து ஸ்வரத்தை நீட்டி நிறுத்தினால் என் குரலும் தேய்கிறது.


காட்பாடி ஒலி | புதன், மாலை 6.05

இதற்கு நானே பதில் சொல்கிறேன் சார், எங்கள் ஆண்டு விழாவில் பட்டது. ஒரே சீராக நீண்டு ஒலிக்கிற எதையும் தளத்தின் இரைச்சல் நீக்கம் மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. தம்புராவும் சுருதிப் பெட்டியும் அதன் கணக்கில் இரைச்சல்தான். ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்', டீம்ஸில் 'ஹை ஃபிடிலிட்டி மியூசிக்' என்று இருக்கும், அதைப் போடுங்கள். ஆனால் அப்போது நீங்கள் ஹெட்போன் மாட்ட வேண்டும், பாதுகாப்பு எல்லாம் விலகிவிடும். இப்போது என் டிஎஸ்பியில் 'பேச்சு', 'கச்சேரி' என்று இரண்டு ப்ரீசெட் வைத்திருக்கிறேன். கச்சேரியில் இரைச்சல் நீக்கமும் தானியங்கி மைக் மூடலும் இல்லை.


கிரீன் சர்க்கிள் | புதன், இரவு 9.20

நெட்வொர்க் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஹாலை எவ்வளவு சரிசெய்தாலும் கல்லூரி ஃபயர்வால் யூடிபியை (தொலைந்ததற்குக் காத்திராமல் பொட்டலங்களை அனுப்பும் முறை) அடைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. ஜூமுக்கு யூடிபி போர்ட் 8801 முதல் 8810 வரை, டீம்ஸுக்கு 3478 முதல் 3481 வரை, மீட்டுக்கு 3478. இவை அடைபட்டால் கூட்டம் நின்றுவிடாது, சத்தமில்லாமல் டிசிபி 443க்கு மாறிக்கொள்ளும். அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. டிசிபியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் வருவதெல்லாம் காத்திருக்கும். பேச்சு இழுத்து இழுத்து வரும், இரண்டு பேர் முட்டிக்கொள்வார்கள். ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரை.

பெட்டி இருக்கிற நெட்வொர்க்குக்கு மட்டும் போர்ட் திறந்துவிட்டு, போடியம் லேப்டாப் மாணவர் வைஃபையில் தொங்குகிற கல்லூரிகள் நிறைய. போடியத்துக்குத் தனி லேன் முனை கொடுங்கள்.

அப்புறம் யூபிஎஸ். மே மாதம் 40 டிகிரி தாண்டுகிற ஊர் நம்முடையது, ஏசி இல்லாத ரேக் அறையில் அதற்கு மேல். மின்சாரம் போய் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தால் யூஎஸ்பி ஸ்விட்ச் டிஎஸ்பியைக் கண்டுகொள்ளாமல் நிற்கும். டிஎஸ்பியும் கேமராவும் முதலில், பெட்டியும் ஸ்விட்சும் ஒரு நிமிடம் கழித்து, என்று வரிசை வையுங்கள்.


காட்பாடி ஒலி | வியாழன், இரவு 10.40

இன்றைக்கு முழுநாளும் ஹாலில்தான். சென்னைக்கு ஆள் அனுப்பி எக்ஸ்டெண்டர் ஒரு ஜோடியும் யூஎஸ்பி ஸ்விட்சும் வந்தன. போடியத்தில் இப்போது ஒரே ஒரு யூஎஸ்பி வால். செருகியதும் லேப்டாப்பில் பின்சுவர் கேமரா வந்தது! டீம்ஸ், மீட், ஜூம், வெபெக்ஸ் நான்கிலும் காட்பாடி ஸ்டேஷனில் நின்றிருந்த நண்பனை அழைத்து ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொன்னேன். எதிரொலி சுத்தமாக இல்லை. ரயில் அறிவிப்புகூட எங்கள் ஹாலில் கேட்டு அவனுக்குத் திரும்பவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது. மேடையில் நான் பேசினால் என் குரல் அவனுக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல அடைத்துக் கேட்கிறது. ஹால் ஸ்பீக்கரில் மைக்கைக் குறைத்தால் சரியாகிறது. மறுபடி ஏற்றினால் அடைக்கிறது. நாளைக்கு முதல்வரிடம் காட்ட வேண்டும். என்ன தவறு செய்தேன்?


பாலாறு 73 | வியாழன், இரவு 11.00

தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன் தம்பி. ரெஃபரன்ஸை எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள்? ஆம்புக்குப் போகிற மொத்தக் கலவையிலிருந்தா?


காட்பாடி ஒலி | வியாழன், இரவு 11.04

ஆமாம் ஐயா. ஸ்பீக்கரில் கேட்பது எல்லாம் ரெஃபரன்ஸ் என்று நினைத்தேன்.


பாலாறு 73 | வியாழன், இரவு 11.12

அங்கேதான். ஹாலுக்காக உங்கள் மைக்கும் அந்தக் கலவையில் இருக்கிறது. அப்போது டிஎஸ்பி உங்கள் குரலையே எதிரொலி என்று எடுத்துக் கழிக்கிறது. ரெஃபரன்ஸில் யூஎஸ்பியில் வருகிற எதிர்முனைக் குரலும் வீடியோச் சத்தமும் மட்டும் இருக்க வேண்டும், உள்ளூர் மைக் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தனியாக ஒரு கலவை உருவாக்கி அதை ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். அதேபோல எதிர்முனைக்குப் போகிற கலவையில் மைக்குகள் மட்டும், அவர்கள் குரல் அதில் கலக்கக் கூடாது. கலவை மூன்று: ஹாலுக்கு ஒன்று, எதிர்முனைக்கு ஒன்று, ரெஃபரன்ஸுக்கு ஒன்று.


காட்பாடி ஒலி | வெள்ளி, காலை 8.25

ஆறரைக்கே வந்து மாற்றிவிட்டேன். நண்பனும் நானும் ஒரே நேரத்தில் பேசிப் பார்த்தோம், இரண்டு குரலும் முழுசாக நிற்கிறது. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.


காட்பாடி ஒலி | செவ்வாய், மாலை 7.15

முதல்வர் மூன்று பெட்டி கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இருக்கிற பெட்டியும் அப்படியே இருக்கிறது. சத்துவாச்சாரி நண்பர் சொன்ன விருந்தாளி வசதி அதில் அணைந்துதான் கிடந்தது, திறந்துவிட்டேன், துறைத் தலைவர்களுக்கு அது போதுகிறது.

இன்றைக்கு இன்னொரு வாய்மொழித் தேர்வு, மீட்டில்தான். மாணவி போடியத்தில் நிமிர்ந்து நின்று பேசினாள். தேர்வாளர் மூன்றாவது வரைபடத்தின் செங்குத்து அச்சைப் பற்றிக் கேட்டார். அவள் வயர்லெஸ் மைக்கோடு திரைக்கு நடந்து போய் விரலால் தொட்டுக் காட்டினாள், கேமரா கூடவே திரும்பியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பாவுக்கும் இரண்டு பக்கப் பேச்சும் தெளிவாகக் கேட்டது.


ஆம்பூர் தோல் | செவ்வாய், இரவு 8.00

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. எங்களுக்கும் ஒரு செய்தி: நேற்று ஜெர்மனிக்காரர் கிரெய்னைப் பார்த்து, தானே இரண்டாவது துண்டைக் கேட்டார். நிறம் இன்னும் துளி சிவப்பு, விளக்கு மாற்றப் போகிறோம். தம்பி, போடியத்தில் வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதி ஒட்டியிருக்கிறீர்களா? எங்கள் ஆட்களுக்கும் அதுபோல ஒன்று வேண்டும்.


காட்பாடி ஒலி | செவ்வாய், இரவு 8.20

ஒட்டியிருக்கிறேன் அக்கா, லேமினேட் செய்து. அப்படியே தருகிறேன்:

"லேப்டாப்பில் கூட்டத்தில் சேர்கிறவர்களுக்கு. எச்டிஎம்ஐ, யூஎஸ்பி, லேன் மூன்று ஒயரையும் செருகவும். கூட்டத்துக்குள் போகும் முன் கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றிலும் 'ஹால்' என்ற பெயரைத் தேர்ந்தெடுக்கவும். இரைச்சல் நீக்கத்தை அணைக்கவும். உங்கள் போனில் அதே கூட்டத்தைத் திறந்து வைக்க வேண்டாம். எதிர்முனையில் எதிரொலி என்று சொன்னால் மைக்கை மூடாமல் என்னைக் கூப்பிடவும், பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்."